ஆட்டிசமுள்ள பிள்ளைகள் பள்ளியிலிருந்து வேலைக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி முடியும் தறுவாயில் இருக்கும் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. வகுப்பறையில் பல ஆண்டுகள் சிறப்பாசிரியராக இருந்துவிட்டு, இப்போது இந்தப் பிள்ளைகளைக் கடைகளிலும் அலுவலகங்களிலும் அமர்த்தி, கொஞ்ச காலம் உடன் நின்று பழக்கிவிடும் பணியைச் செய்கிறேன். தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் கொண்டே விடைகளை எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் பெயரும் அவர்கள் வேலை பார்த்த இடங்களின் பெயரும் இதில் வராது.

வேலைக்கான தயாரிப்பை எந்த வயதில் தொடங்க வேண்டும்?

பதினான்கு வயதில் தொடங்குவது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இலவசக் கல்விக்கான உரிமையை 18 வயது வரைதான் தருகிறது. அந்தப் பிறந்தநாள் தாண்டியதும், காலையில் எழுந்து கிளம்பிப் போவதற்கு ஓர் இடம் இல்லாமல் போய்விடுகிறது. அதுவரை வேனில் போய்வந்த பிள்ளை வீட்டோடு உட்கார்ந்துவிட்டால், தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் மாறி, பத்து ஆண்டுகளாகப் பாடுபட்டுக் கற்ற பழக்கங்கள் சில மாதங்களிலேயே ஒவ்வொன்றாக உதிர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதினான்கு வயதில் தொடங்குங்கள் என்றதும், எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்கிறார்கள். அந்த வயதில் தொழில் எதுவும் வேண்டாம். தன் சாப்பாட்டுப் பையைத் தானே எடுத்துவைப்பது, வெளியிடத்துக் கழிப்பறையைத் தயங்காமல் பயன்படுத்துவது, மளிகைச் சீட்டோடு கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவருவது, உறவினர் அல்லாத ஒருவரோடு இரண்டு மணி நேரம் இருப்பது, ‘எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று வாயாலோ அட்டையாலோ கேட்பது ஆகியவை வந்துவிட்டால் போதும். கடைசியாகச் சொன்னதை வீடுகளில் கற்றுக்கொடுப்பதே இல்லை. பிள்ளை கேட்பதற்கு முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிடுவதால், கேட்க வேண்டிய தேவை அவனுக்கு வந்ததே கிடையாது. கடை மேற்பார்வையாளருக்கு அப்படிப் புரியாது.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாவிட்டால் வேலை கிடைக்காதா?

தனியார் கடைகளிலும் கிடங்குகளிலும் சிறு அலுவலகங்களிலும் நான் அமர்த்திய பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள். ஆனால், அரசு வேலைக்கோ ஐ.டி.ஐ. படிப்புக்கோ விண்ணப்பிக்கும் வழி திறந்திருக்க வேண்டுமானால் சான்றிதழ் இருப்பது நல்லது. மாநிலப் பாடத்திட்டத்திலேயே மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் சுமையாக இருந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் ஐந்து பாடங்களைப் பிள்ளையின் போக்குக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், ஒரு முறைக்கு ஒன்றிரண்டு பாடங்களாக எழுதி முடிக்கலாம்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். கணக்குத் தாளில் தேறுவதற்காக மூன்று ஆண்டுகள் காலையும் மாலையும் டியூஷன் வைத்து, பேருந்தில் ஏறவும் கடையில் பொருள் வாங்கவும் கற்றுக்கொடுக்க நேரமில்லாமல் போன குடும்பங்களை நான் அறிவேன். கையில் மதிப்பெண் பட்டியல் வந்தபோது அந்தப் பிள்ளையால் தெருமுனையைத் தனியாகத் தாண்ட முடியவில்லை.

என்னென்ன சான்றுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழும், நாடு முழுதும் செல்லும் யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டையும் அடிப்படை. ஆட்டிசத்தின் அளவை ‘இசா’ என்னும் இந்திய மதிப்பீட்டு அளவுகோல் கொண்டு பார்க்கிறார்கள். அதில் உள்ள 40 கூறுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். இட ஒதுக்கீடு போன்ற பயன்களுக்குச் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஆகியவற்றைப் பதினெட்டு வயது முடிந்ததும் தாமதிக்காமல் செய்துவிடுங்கள். வேலைக்குப் போய்வருவதற்கான இலவசப் பேருந்துப் பயண அட்டையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.

அரசுப் படிவங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் திகைத்து நிற்பதுண்டு. ஆட்டிசத்தைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. இந்தப் பிள்ளைகளைப் போலப் புற உலகின் ஒவ்வொரு சத்தத்தையும் வெளிச்சத்தையும் கவனிப்பவர்களை நான் பார்த்ததில்லை.

என் மகனுக்கு எந்த வேலை பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் பல பிள்ளைகளிடமிருந்து விடை வராது, அல்லது கடைசியாகக் காதில் விழுந்த சொல்லே விடையாக வரும். பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்தொன்பது வயது மாணவன் ஒருவனின் தாய் என்னிடம் சொன்ன குறை இது: யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்து, பால், தயிர் பாக்கெட்டுகளின் தேதியைப் பார்த்து, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்கிவிட்டுத்தான் உட்காருவான். உறவினர் வீட்டுக்கு அழைத்துப்போகவே கூச்சமாக இருக்கிறது என்று அவர் வருந்தினார். சூப்பர் மார்க்கெட்டில் ரேக் அடுக்குபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். அவனைப் பற்றி இன்னும் சில இடங்களில் சொல்வேன்.

ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதிவாருங்கள். யாரும் சொல்லாமல் அவன் தானாகச் செய்வது என்ன, எதைக் கண்டால் விலகி ஓடுகிறான், எந்த நேரத்தில், எந்த இடத்தில் அமைதியாக இருக்கிறான் என்ற மூன்றையும் குறித்தால் போதும். வேலையின் பெயரைவிட அது நடக்கும் இடத்தின் சத்தமும் மணமும் வெளிச்சமும் கூட்டமும் முக்கியமானவை. அடுக்குவதில் கெட்டிக்காரனான இன்னொரு பையனுக்குப் பினாயில் மணம் ஆகாது என்பது, தினமும் காலை பத்து மணிக்குத் தரை துடைக்கும் கடையில் சேர்ந்த மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. நோட்டில் அது இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு, வெவ்வேறு விதமான இரண்டு மூன்று இடங்களில் இரண்டு வாரம் வீதம் அனுப்பிப் பாருங்கள். தெரிந்தவரின் அச்சகம், பள்ளி அலுவலகம், நூலகம், பேக்கரி என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஆட்டிசமுள்ளவர்கள் கணினியில் கெட்டிக்காரர்களாமே?

சிலர் அப்படித்தான். எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருள் நிறுவனம் 2013இல் ஆட்டிசமுள்ளவர்களுக்கென்றே ஒரு வேலைத்திட்டத்தை அறிவித்தபோது, பெங்களூரில் உள்ள அதன் கிளைக்கு அதில் பங்கு இருந்தது. மென்பொருள் சோதனைப் பணியில் இத்தகைய பிள்ளைகள் சிறந்து விளங்குவதும் உண்மை. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, தாவரங்களோடு பழகுவதில் மகிழ்ச்சியடையும் மகளைக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டு வருவோரைப் பார்க்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

முதலில் தொழிற்பயிற்சி கொடுத்துவிட்டு, தயாரானதும் வேலைக்கு அனுப்புவதுதானே முறை?

பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பினேன். காகித உறை, மெழுகுவத்தி, அகல்விளக்கு வண்ணம் தீட்டுதல் என்று பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் ஐந்து, ஆறு ஆண்டுகள் ‘தயாராகிக்கொண்டே’ இருப்பார்கள், தயாராகிவிட்டான் என்று சொல்லும் நாள் மட்டும் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டிசமுள்ளவர்களில் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்துக்குக் கொண்டுபோவது கடினம். பயிற்சிக் கூடத்து மேசையில் நூறு உறைகளைப் பிழையில்லாமல் மடிப்பவன், அதே உறையை வேறு மேசையில், வேறு விளக்கின் கீழ், வேறொருவர் பார்க்க மடிக்க வேண்டியிருந்தால் முதலிலிருந்து தொடங்குகிறான். அப்படியிருக்க, பாடத்தை ஓரிடத்திலும் வேலையை வேறோரிடத்திலும் வைப்பது அவனை இருமுறை கற்கச் சொல்வதாகும். வேலை செய்யப்போகும் இடத்திலேயே கற்பிப்பதுதான் அவனுக்குக் குறுக்குவழி.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் ‘பிராஜெக்ட் சர்ச்’ என்ற பெயரில் தொடங்கிய முறை இதற்கு நல்ல சான்று. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டை மாணவர்கள் முழுக்க முழுக்க மருத்துவமனைக்குள்ளேயே கழிக்கிறார்கள். காலையில் சிறிது நேரம் அங்கேயே ஓர் அறையில் வகுப்பு நடக்கும். மீதி நேரம் கருவிகளை ஒழுங்குபடுத்தும் பிரிவு, கிடங்கு, அலுவலகம் என்று ஓராண்டில் மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை பழகுவார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ஆட்டிசமுள்ள மாணவர்களுக்காக இதை மாற்றியமைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. இம்முறையில் பழகியவர்களில் 87.5 சதவீதத்தினருக்கு ஊதியமுள்ள வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளி வழியில் போனவர்களில் அது 6.25 சதவீதம்தான். நாற்பது பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த இடைவெளி கண்ணை உறுத்துகிறது.

நம்மூரில் ஒரு மருத்துவமனையையே பிடித்துக் கொடுக்க முடியாவிட்டாலும், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் வாரத்துக்கு இரண்டு அரைநாள் பிள்ளையை உண்மையான ஒரு வேலைத்தலத்துக்கு அனுப்பப் பள்ளி இசைந்தால், அதுவே பெரிய தொடக்கமாகும்.

ஜாப் கோச் என்பவர் என்ன செய்வார்?

பிள்ளைக்கு முன்பாக அந்த வேலையைத் தானே நான்கைந்து நாள் செய்து பார்ப்பார், அதைச் சிறு படிகளாகப் பிரிப்பார், உடன் நின்று பழக்குவார், பிறகு மெல்ல மெல்ல விலகுவார். பிரிட்ஜ் அடுக்கும் மாணவனைச் சூப்பர் மார்க்கெட்டில் சேர்த்தபோது, பிஸ்கட் ரேக் அடுக்கும் வேலையைப் பதினொரு படிகளாக எழுதினேன். ஐந்து படிகளை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். ஆறாவது படியில், காலாவதி தேதி பார்க்கும் இடத்தில், அப்படியே நின்றுவிட்டான். தேதி பார்ப்பதில் அவனைப் போல ஆள் இல்லை என்று சொல்லித்தான் சேர்த்திருந்தேன்.

அரைநாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. பால் பாக்கெட்டில் தேதி நேரடியாக இருக்கும். பிஸ்கட் பாக்கெட்டுகள் சிலவற்றில் பேக்கிங் தேதியை மட்டும் போட்டு, அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்று அச்சிட்டிருந்தார்கள். தேதியே இல்லாத பாக்கெட்டை எங்கே வைப்பது? பேக்கிங் மாதத்தை ஒரு பக்கமும் காலாவதி மாதத்தை மறுபக்கமும் எழுதி, ஓர் அட்டவணை தயாரித்து அவனுடைய தள்ளுவண்டியில் ஒட்டினோம். அன்று மாலைக்குள் ரேக் முடிந்தது. அடுத்த வாரம் மற்ற ஊழியர்களும் அந்த அட்டவணையைப் பார்த்துப் போவதைக் கண்டேன்.

விலகுவதுதான் ஜாப் கோச்சுக்குக் கடினமான பகுதி. முதல் இரண்டு வாரம் முழு நாள், அடுத்த மாதம் அரைநாள், பிறகு மதிய உணவு வேளை மட்டும், பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதற்குள் கடையிலேயே ஒருவர் அவனுக்குத் துணையாகிவிட வேண்டும். பெரும்பாலும் பில்லிங் கவுண்டரில் இருக்கும் ஓர் அக்காவோ, கிடங்கில் இருக்கும் ஓர் அண்ணனோ அப்படி அமைவார்கள். தொடக்கக் காலத்தில் ஓரிடத்தில் நான் ஐந்து மாதம் அசையாமல் நின்றேன். எல்லாரும் பையனிடம் சொல்ல வேண்டியதை என்னிடமே சொல்லிப் பழகிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில், அவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் மேற்பார்வையாளர் அவனைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தவறு என்னுடையது.

நேர்காணலை எப்படிச் சமாளிப்பது?

முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி ரேக் அடுக்குபவரின் திறமையைப் பற்றி எதையும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பதிலாக மூன்று நாள் செய்து காட்ட வாய்ப்புக் கேளுங்கள். நான் அணுகிய உரிமையாளர்களில் பெரும்பாலோர் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் என்பதை நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால், தேவையான மாற்றங்களைச் செய்துதரும்படி கேட்பதற்கான உரிமை, குறைபாடு தெரிவிக்கப்பட்ட பிறகுதான் பயன்படும். பார்த்தவுடன் தெரியும் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நன்றாகப் பேசுகிற, பட்டம் பெற்ற பிள்ளைகள்தான் இங்கே தடுமாறுகிறார்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும், பெற்றோர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

சொல்லும்போது நோயின் பெயரைப்போலச் சொல்லி நிறுத்தினால், கேட்பவருக்கு அச்சம்தான் மிஞ்சும். ‘இவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பார்; வேலையை எழுதிக் கொடுத்தால் மறக்கமாட்டார்; மிக்சி, டிரில் சத்தம் வந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வருவார்’ என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுவது நல்லது.

சட்டப்படி என்ன உரிமைகள் இருக்கின்றன?

2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்தும் சேர்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். 2021 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவையாக 3,566 பணிகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஆட்டிசம் குறிக்கப்பட்ட பல இடங்களில் ‘லேசானது’ என்ற வரம்பும் சேர்ந்தே வருகிறது. போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், இந்த வழி சிலருக்கே உதவும்.

தனியார் துறையில் ஒதுக்கீடு கிடையாது. ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், எந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை, என்ன வசதிகள் செய்து தரப்படும் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். உரிமையாளரைச் சந்திக்கும்போது அவருக்குப் பயனுள்ளதையும் சொல்லுங்கள்: இ.எஸ்.ஐ. என்னும் ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தில் மற்ற ஊழியர்களுக்கு 21,000 ரூபாயாக உள்ள மாத ஊதிய வரம்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாயாக வைக்கப்பட்டுள்ளது.

பேசாத பிள்ளையும் வேலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால், இருக்கிற காலிப் பணியிடத்துக்குப் பிள்ளையைப் பொருத்தப் பார்த்தால் நடக்காது. ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் வேண்டாவெறுப்பாகச் செய்யும் துண்டு வேலைகளைப் பிரித்தெடுத்து, ஒருவருக்கான வேலையாகச் சேர்க்க வேண்டும். பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வது, தேவையற்ற தாள்களைத் துண்டாக்குவது, அச்சுப்பொறிகளில் தாள் நிரப்புவது ஆகிய மூன்றையும் சேர்த்து, பேசாத ஓர் இளைஞருக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலை அமைந்தது. பேச்சுக்குப் படஅட்டைகளே போதுமானவையாக இருக்கலாம். படங்களைத் தொட்டால் பேசும், சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலியில் தமிழும் இருக்கிறது. வேலையிடத்துச் சொற்களை, ‘தாள் தீர்ந்துவிட்டது’, ‘இயந்திரம் நின்றுவிட்டது’, ‘வயிறு வலிக்கிறது’ என்பனவற்றை, முதல் நாளுக்கு முன்பே அதில் ஏற்றிவிடுங்கள்.

சேர்ந்த வேலை ஏன் பலருக்கு நிலைப்பதில்லை?

நான் பார்த்த அளவில், வேலை செய்யத் தெரியாமல் வேலையை இழந்தவர்கள் சிலரே. வேலையைச் சுற்றியுள்ள சிறு விஷயங்களில்தான் சறுக்கல் நடக்கிறது. வழக்கமான எண்ணில் ‘கட் சர்வீஸ்’ பலகையோடு வந்த பேருந்தில் ஏறாமல், சரியான பலகையுள்ள பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் நின்ற பையனைத் தாமதமாக வருபவன் என்று எழுதினார்கள். ‘இங்கேயே நில்லு தம்பி, இதோ வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்துபோன மேற்பார்வையாளருக்காக, மதிய உணவையும் விட்டுவிட்டுக் கிடங்கு வாசலில் நின்றான் இன்னொருவன். சாப்பாட்டு நேரம் பலருக்கு வேலை நேரத்தைவிடக் கடினம். அங்கே எழுதிவைத்த படிகள் கிடையாது.

சூப்பர் மார்க்கெட் மாணவனின் வேலை பதினான்காம் மாதத்தில் போனது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பரிசுப் பெட்டிகளுக்கு இடம் விடுவதற்காக ஒரே இரவில் பிஸ்கட் ரேக்கை எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். மறுநாள் காலை வந்தவன் பாக்கெட்டுகளையெல்லாம் எடுத்துப் பழைய இடத்தில், பரிசுப் பெட்டிகளின் மேல், வரிசையாக அடுக்கத் தொடங்கிவிட்டான். தடுத்த புதிய மேற்பார்வையாளர் அவனைக் கையைப் பிடித்து இழுத்ததும் அலறியிருக்கிறான். வாடிக்கையாளர் நிறைந்திருந்த நேரம். பழைய மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போனது எனக்குத் தெரியாது, வாராந்திரத் தொலைபேசி அழைப்பையும் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தேன். இப்போது எந்தக் கடையானாலும் ஆவணி முடிவதற்குள் நேரில் போய், தீபாவளிக்கு எதை எங்கே நகர்த்தப்போகிறார்கள் என்று கேட்டு, புதிய இடத்தைப் படமாக வரைந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறேன். மேற்பார்வையாளர் மாறினால், அந்த ஒரு பக்கத் தாளோடு மீண்டும் போய் அறிமுகம் செய்துகொள்கிறேன்.

சம்பளத்தை யார் கையாள வேண்டும்? காப்பாளர் நியமனம் வேண்டுமா?

சம்பளம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்கே வர வேண்டும். ‘ஊக்கத்தொகை’ என்ற பெயரில் முழு நாள் வேலைக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் இடங்களில் பயிற்சிக் காலம் எப்போது முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளம் வந்த மறுவாரமே உடன் வேலை செய்பவர்கள் கடன் கேட்பார்கள். மறுக்கத் தெரியாத பிள்ளைக்கு ‘அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள். ஏ.டி.எம். எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது என்பதை முதல் சம்பளத்துக்கு முன்பே பழக்க வேண்டும்.

பதினெட்டு வயதானதும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளராகத் தொடர்வதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம். ஆனால், தானே கையெழுத்திட்டு, தன் பணத்தைத் துணையோடு கையாளக்கூடிய பிள்ளைக்கு அவசரப்பட்டு அதை வாங்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்ப அச்சமாக இருக்கிறதே?

அச்சம் நியாயமானது. நல்ல தொடுதல், தீய தொடுதல் பற்றிச் சிறு வயதில் சொன்னதோடு நிறுத்தாமல், வளர்ந்த பெண்ணுக்கு உரிய முறையில், ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லவும், யாரிடம் போய்ச் சொல்வது என்றும் பழக்க வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வெளியில் வேலை கிடைக்கவே இல்லை என்றால்?

குடும்பத்துக்கே ஒரு கடையோ பட்டறையோ இருந்தால் அதுவும் வேலைத்தலம்தான். ஆனால் நேரம், பொறுப்பு, சம்பளம் மூன்றும் மற்ற ஊழியருக்கு உள்ளதுபோலவே இருக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பது வேலை ஆகாது. சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பினால், பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் 5 சதவீதம் சொந்தப் பணம் போட்டால் போதும். மானியம் நகரங்களில் 25 சதவீதமும் கிராமங்களில் 35 சதவீதமும் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் தொழில் வழிகாட்டல் கேட்கலாம்.

ஒருமுறை வேலை போய்விட்டால் மீண்டும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால், வீட்டில் இருக்கும் நாட்களை வேலை நாள் போலவே வைத்திருங்கள். அதே நேரத்தில் எழுந்து, குளித்து, சாப்பாட்டுப் பையோடு ஏதோ ஓரிடத்துக்குப் போய்வரட்டும், நூலகமானாலும் சரி. சூப்பர் மார்க்கெட் மாணவன் நான்கு மாதம் காலையில் தன் பழைய பள்ளிக்குப் போய் அலுவலகத் தாள்களை அடுக்கினான். பிறகு மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் கேட்டோம். பதினான்கு மாதச் சம்பளச் சீட்டுகள், அவனைப் பற்றிய ஒரு பக்கத் தாள், தள்ளுவண்டியில் ஒட்டியிருந்த அட்டவணையின் நகல் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். தீபாவளிக்கு முன்பு நடந்ததையும் மறைக்காமல் சொன்னோம். உரிமையாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மூன்று நாளைக்கு அனுப்பிவையுங்கள் என்றார்.